ஏமாறாதவரின் கூரை

'என்னை ஒருத்தரும் ஏமாத்தேலாது' என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவராவது இருப்பார். மீன் வாங்கப் போனால் செவுளைப் பிளந்து பார்ப்பார், தேங்காயை மூன்று தரம் தட்டிக் காதில் வைப்பார், கடையில் தராசை விட்டுவிட்டுத் தராசு பிடிக்கிற கையையே பார்த்துக்கொண்டு நிற்பார், மருந்துப் போத்தலில் உள்ள திகதியைக் கண்ணாடி போட்டு ஒரு தரமும் போடாமல் ஒரு தரமும் வாசிப்பார். அவரைக் கண்டால் வியாபாரிகள் பெருமூச்சு விடுவார்கள். அதைப் பயம் என்று அவர் எடுத்துக்கொள்வார்.

தோட்டவெளி அமிர்தநாயகம் அந்த இனத்தில் முதல் தரம்.

புயல் வருகிறது என்று வானொலி சொன்ன அன்று, கூரையை மூடிக் கட்டத் தறப்பாளும் கயிறும் வாங்க மன்னார் ரவுனுக்குப் போனார். அப்துல் றசாக்கின் கடையில் விலை கேட்டார்.

"என்ன றசாக், போன மாசமும் இதே விலைதானே?"

"ஓம் ஐயா. புயலைச் சாட்டி விலை ஏத்துறது ஹராம்."

வேறு யாரும் என்றால் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். அமிர்தநாயகத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஊரே முண்டியடித்து வாங்குகிற நேரத்தில் ஒருவன் விலையை ஏற்றாமல் இருக்கிறான் என்றால் சாமானில் ஏதோ பழுது இருக்கத்தானே வேண்டும்? நாலு கடை ஏறி இறங்கினார். அங்கெல்லாம் விலை இரட்டிப்பு. திரும்பி வந்தபோது றசாக்கிடம் ஒரு முழக் கயிறுகூட மிச்சமில்லை.

புயல் பேரம் பேசவில்லை. வந்தது, பாதிக் கூரையைக் கொண்டு போனது.

மூன்றாம் நாள் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் வான் வண்டியில் வந்து இறங்கினான். பாதிப் பணம் முன்னுக்குத் தந்தால் நாளைக்கே தகரமும் ஆட்களும் வரும் என்றான். அமிர்தநாயகம் விடுவாரா? பற்றுச்சீட்டுக் கேட்டார். அதில் 'முற்ப்பணம்' என்று எழுதியிருந்ததைப் பார்த்து, கூடுதலாக நின்ற 'ப்'பை வெட்டுவித்தார். அடையாள அட்டையை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். அதில் இருந்த படம் இவனுடையதுதானா என்று மட்டும் பார்க்கவில்லை.

"ஐயா, இந்தத் தீவில எத்தினை வீடு ஏறி இறங்கிட்டன். அடையாள அட்டை கேட்டது நீங்கள் ஒராள்தான். உங்களை ஒருத்தரும் ஏமாத்தேலாது."

அவ்வளவுதான். முழுப் பணத்தையும் எடுத்துக் கொடுத்துவிட்டார். அவன் பாதிதான் கேட்டிருந்தான்.

மறுநாள் வான் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. "சீட்டில இருக்கிற நம்பருக்கு ஒருக்கா போன் அடிச்சுப் பாருங்கோவன்" என்று மனைவி எடித் நச்சரித்ததால் அடித்தார். அப்படி ஒரு நம்பரே இல்லை. "வெளியில வாய் திறக்காதையும்" என்றார் மனைவியிடம்.

அன்று பின்னேரம் பக்கத்து வீட்டு மதலேனா வேலியடிக்கு வந்தாள்.

"அண்ணை, வங்காலையில என்ர தங்கச்சி அன்ரோனெற் வீட்டுக்கும் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருத்தர் வந்திருக்கிறாராம். உங்களுக்குத்தானே இதெல்லாம் தெரியும். காசு குடுக்கலாமோ?"

'குடுக்க வேண்டாம்' என்று ஒரு சொல் போதும். ஆனால் ஏன் என்று அவள் கேட்பாளே? அமிர்தநாயகம் தொண்டையைச் செருமினார்.

"பற்றுச்சீட்டு வாங்கச் சொல்லு."

அன்ரோனெற் காதில் கிடந்ததை அடகு வைத்துக் கொடுத்தாள். பற்றுச்சீட்டும் கவனமாக வாங்கினாள். இரண்டு பிள்ளைகளோடு அந்த மாரி முழுவதும் கோயில் மண்டபத்தில் படுத்தாள்.

அன்ரோனெற் ஏமாந்த செய்தி எடித்தின் காதுக்கும் வந்தது. அலுமாரியைத் திறந்து கணவனின் பற்றுச்சீட்டை எடுத்துக்கொண்டு போய் மதலேனாவிடம் காட்டினாள். "எங்களுக்கும் இதுதான் நடந்தது. நாங்கள் முந்தியே சொல்லியிருக்க வேணும்." இரண்டு பெண்களும் பொலிசுக்குப் போனார்கள். அதற்குப் பிறகுதான் இன்னும் ஆறு வீட்டார் தங்கள் சீட்டுகளோடு வெளியே வந்தார்கள். ஆள் அகப்பட்டான். காசு அகப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று அமிர்தநாயகம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பற்றுச்சீட்டு வாங்கச் சொல்லி நான் அப்பவே சொன்னனான். இல்லையெண்டால் அவனைப் பிடிச்சிருக்கேலுமோ?" மதலேனா அவரைப் பார்த்துவிட்டுக் கடந்து போனாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. உங்களை ஒருவரும் ஏமாற்றியதில்லை, அப்படித்தானே? அல்லது ஒருவருக்கும் சொன்னதில்லையா?