பிறர்வழி அனுபவம்

அலுவலக கேன்டீனுக்குச் சமையல் ஆள் தேவைப்பட்டது. 'முன் அனுபவம் அவசியம்' என்று பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து அடுப்படியில் வெந்துகொண்டிருந்த அந்தக் குடும்பத்தலைவி, தன் பேரில் ஒரு வேலை, தன் பேரில் ஒரு சம்பளம் என்று ஆசைப்பட்டு இன்டர்வியூவுக்குப் போனாள். துணைக்கு வந்த கணவர் மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

அதிகாரி தொண்டையைச் செருமினார். மேலிடத்திலிருந்து புதிய சுற்றறிக்கை வந்திருக்கிறதாம். அனுபவம் இருவகைப்படும்: நேரடி அனுபவம், பிறர்வழி அனுபவம். ஒருவர் பாடுபட, மற்றவர் அதைப் பார்த்தோ கேட்டோ ருசித்தோ பெறுவது பிறர்வழி. நேரடியாகப் பாடுபட்டவர்களிடம் கையைச் சுட்டுக்கொள்வது, சலித்துக்கொள்வது, லீவு கேட்பது முதலிய குறைபாடுகள் காணப்படுவதால், இனி பிறர்வழிக்கே முன்னுரிமை.

"என்னையே எடுத்துக்குங்க. வெள்ளத் தடுப்புப் பிரிவுல காலமெல்லாம் இருந்தேன். கால் நனைஞ்சதே இல்ல."

"அப்போ நான் இத்தனை வருஷம் சமைச்சது?"

"அது வெறும் வேலைம்மா. அதோட அனுபவம் யாருக்குப் போய்ச் சேர்ந்துச்சு?"

அறையிலிருந்த கண்களெல்லாம் கணவரின் தொப்பையில் போய் நின்றன. அதற்கு மேல் அத்தாட்சி வேண்டுமா? உப்பு கூடினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார் அதிகாரி. தட்டைத் தள்ளிவிடுவேன் என்றார் கணவர். குறைந்தால்? அப்போதும் தள்ளிவிடுவாராம். அதிகாரி மெய்சிலிர்த்துப்போய் அங்கேயே கணவர் பேருக்கு நியமன ஆணையில் கையெழுத்துப் போட்டார்.

"ஏங்க, உங்களுக்கு அடுப்பு பத்தவைக்கத் தெரியுமா?"

"நீ பத்தவைக்கறப்ப பாத்திருக்கேனே."

அவ்வளவுதான். வெந்நீர் வைத்தாலே அடிபிடிக்க விடுகிற மனிதருக்கு வேலையா என்று ஆரம்பித்து, சுற்றறிக்கை, மேலிடம், மின்விசிறி என்று ஒன்றையும் விடாமல் வாங்கு வாங்கென்று வாங்கினாள். அதே வேலைக்கு வந்து வெளியே காத்திருந்த பெண்கள் கதவிடுக்கில் காதை வைத்துக் கேட்டார்கள். அவர்களும் வந்து ஆளுக்கு ஒரு வார்த்தை கேட்டால் ஆணை கிழிந்துவிடும் நிலைமை. அவள் கதவைத் திறந்து, உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டாள்.

"எதுக்குக்கா? நீங்க கேட்டதே நாங்க கேட்ட மாதிரி இருந்துச்சு. மனசு ஆறிடுச்சு," என்றாள் முன்னால் நின்றவள்.

காத்திருந்த பெண்கள் எல்லோரும் கைப்பையை எடுத்துக்கொண்டு நிம்மதியாகக் கிளம்பினார்கள். அவள் அவ்வளவு கத்தியதில் இவர்களுக்குத் தொண்டை வறண்டிருக்கும் போலிருக்கிறது. போகிற வழியில் நின்று, ஆளுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள்.