வாசலை மறித்த தையல் மெஷின்

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதுவது. அத்தானின் முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லாரும் சௌக்கியம், என்னைத் தவிர.

பஸ் பணிமனையில் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் போன்தான் துணை. கண்ணாடிக்கடைக்காரர் என்னை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். கால்வாய்க்கு அந்தப் பக்கத்து ஆட்கள் நம்மை அடித்து விரட்டப் போகிறார்கள் என்று தினமும் வீடியோ வரும். எனக்குத் தூக்கமே போயிற்று. பஸ் எரிகிற வீடியோ ஒன்றை என் பெண்ணிடம் காட்டினேன். "அப்பா, ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்கு பாருங்க" என்றாள். இடது பக்கம் இருந்தது; நம் நாட்டு பஸ்ஸே இல்லை. காலமெல்லாம் பஸ்ஸுக்கு அடியில் படுத்துக் கிடந்தவன் நான். விட்டுக்கொடுக்க முடியுமா? "எந்தப் பக்கம் இருந்தா என்ன, எரியுதில்ல" என்றேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் தடியோட கால்வாய்ப் பாலத்துக்கு வரணும், அந்தப் பக்கத்துக் கடைகளைக் கொளுத்தணும்னு குழுவுல உத்தரவு வந்துச்சு. நானும் தடியை எடுத்துக்கிட்டுக் கிளம்பினேன். வாசல்ல தையல் மெஷின் குறுக்கே நிக்குது. பக்கத்துல, என் வீட்டுக்காரியோட சேர்ந்து யூனிஃபார்ம் தைக்கிற, கால்வாய்க்கு அந்தப் பக்கத்து அம்மா. "அண்ணே, ஓடமாட்டேங்குது, கொஞ்சம் பாக்கறீங்களா"ன்னாங்க. தடியைக் கையில வச்சுக்கிட்டு எப்படிப் பாக்கறது, சுவத்துல சாத்திட்டு உக்காந்தேன். கழட்டினதைப் பாதியில விடமுடியுமா, நூல் சிக்கை எடுத்து, எண்ணெய் விட்டு, மாட்டி முடிக்கிறப்போ அவங்க மெதுவா, "எங்க கடையும் பாலத்துக்கிட்டதான் இருக்கு அண்ணே"ன்னாங்க. முடுக்கின ஸ்குரூவையே திரும்பத் திரும்ப முடுக்கினேன். தலையை நிமிர்த்த முடியல.

அப்புறம்தான் தெரியுது, தெருவுல பொம்பளைங்க எல்லாரும் பேசி வச்சிருக்காங்க. மெஷின்ல நூலைச் சிக்க வச்சதே என் வீட்டுக்காரிதானாம். கண்ணாடிக்கடைக்காரரை அவர் சம்சாரம் மாடியில வச்சுப் பூட்டிட்டாங்களாம். வாலிபப் பசங்களை நம்ம பொண்ணும் அவ சிநேகிதிங்களும் வீடு வீடாப் போய்ப் பேசி நிறுத்திட்டாங்க. பாலத்துக்குப் போனது மூணே பேர். "காத்து வாங்க வந்தீங்களா"ன்னு போலீஸ்காரர் கேக்க, ஆமான்னு திரும்பிட்டாங்களாம். ஒரு கடைக்கும் சேதமில்லை.

என்னை மட்டும் ஏன் இப்படி ஏமாத்தணும்? வீட்டுத் தலைவன்னு ஒரு மரியாதை வேண்டாமா? நீங்க உடனே வந்து அம்மா, பொண்ணு ரெண்டு பேரையும் கண்டிக்கணும்.

அத்தானுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசிகள்.

தம்பி

பி.கு.: கண்டிக்க வேண்டாம், வரவும் வேண்டாம். ஞாயித்துக்கிழமை உங்க ஊர்லயும் கூடணும்னு இப்பத்தான் குழுவுல செய்தி வந்திருக்கு. போன மாசம் அத்தானை அதுல சேத்துவிட்டது நான்தான். போன்ல சொன்னா நம்பமாட்டார், என்னைக் கோழைம்பார். அதனால இந்தக் கடிதத்தைப் பொண்ணுகிட்டயே கொடுத்தனுப்பறேன். அவ பேசி முடிக்கிறவரைக்கும் அத்தானோட செருப்பை ஒளிச்சு வைங்க.