பக்கம் 94-இல் உள்ள இருபத்து நான்கு பேர்

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. நானும் மகளும் நலம். அண்ணியின் முட்டி வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நலமில்லாமல் கிடப்பது நீங்கள் எழுதிய எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் 94-ஆம் பக்கம் ஒன்றுதான். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம், தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் எழுதுகிறேன். நடுவில் எங்காவது கோபம் வந்தால் அதைத் தாண்டிப் படித்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் எங்கள் பைண்டிங் கூடத்துக்கு வந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? டீயைக் குடித்துக்கொண்டே, "இங்க எத்தனை பேர் வேலை பாக்கறீங்க? ஒரு பெரிய ஆர்டர் முடிக்க எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டீர்கள். "எட்டுப் பேர், பதினஞ்சு நாள்" என்றேன். தங்கை படும் பாட்டை அண்ணன் அக்கறையாக விசாரிக்கிறார் என்று எனக்கு உள்ளம் குளிர்ந்துபோனது. இந்த மாதம் உங்கள் புத்தகமே கட்டுவதற்கு எங்களிடம் வந்தது. தாளை மடிக்கும்போது பார்க்கிறேன், "ஒரு பைண்டிங் கூடத்தில் 8 பேர் ஒரு வேலையை 15 நாட்களில் முடிப்பர் எனில், அதே வேலையை 24 பேர் எத்தனை நாட்களில் முடிப்பர்?" என்று நாங்கள் எல்லோரும் எதிர் விகிதத்தில் நிற்கிறோம். முன்கூட்டியே சொல்லியிருந்தால் கொஞ்சம் தலையாவது வாரிக்கொண்டு நின்றிருப்போம்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பள்ளிக்கூடம் திறக்கும் தேதியை முன்னால் இழுத்துவிட்டார்கள். பதினைந்து நாளில் கொடுக்க வேண்டிய புத்தகத்தை ஒன்பது நாளில் கொடுங்கள், இல்லாவிட்டால் இனி உங்களுக்கு ஆர்டரே கிடையாது என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். இந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் கூடத்தைப் பூட்ட வேண்டியதுதான். என்னையும் சேர்த்து அத்தனை பேர் வீட்டிலும் அடுப்பு எரிவது இதில்தான். முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்தவர், எதிரே கிடந்த தாளில் உங்கள் கணக்கைப் பார்த்தார். விடைப் பக்கத்தைத் தேடி எடுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "இருபத்து நாலு பேர், அஞ்சே நாள். பின்னாடி அச்சுலயே போட்டிருக்கும்மா. பாடப் புத்தகம் பொய் சொல்லுமா?" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்க அண்ணன் போட்ட கணக்குதான் முதலாளி" என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். நுணலும் தன் வாயால் கெடும்.

மறுநாள் காலையில் புதிதாகப் பதினாறு பேர் வாசலில் நின்றார்கள். ஒருவருக்கும் தாள் மடிக்கத் தெரியாது. அதனால் தெரிந்த எட்டுப் பேரும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டுச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தார்கள், அன்றைக்கு வெளிவந்த புத்தகம் பூஜ்யம். இரண்டாம் நாள் எல்லோரும் மடிக்க ஆரம்பித்தார்கள், மடித்தார்கள், மடித்தார்கள், மலையாகக் குவிந்தது. ஆனால் தையல் மிஷின் ஒன்றுதானே, அதன் முன்னால் எட்டுப் பேர் நின்றாலும் இருபத்து நான்கு பேர் நின்றாலும் அது தன் பாட்டுக்குத் தன் வேகத்தில்தான் தைக்கும். குவியல் வளர்ந்து கட்டிங் அறையின் கதவை அடைத்துவிட்டது, உள்ளே வெட்டிக்கொண்டிருந்தவருக்குச் சாப்பாட்டை ஜன்னல் வழியாகக் கொடுத்தோம். மூன்றாம் நாள்தான் தெரிந்தது, புதிதாக வந்தவர்களில் இரண்டு பேர் சம்பந்திகள், பேசிக்கொள்வதில்லை. தோளோடு தோள் இடிக்க ஒரே மேஜையில் உட்கார்ந்துகொண்டு, "அவங்க கைக்குக் கீழ இருக்கற தாளைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தரச் சொல்லுங்க" என்று அறையின் அந்தக் கோடியில் இருக்கும் என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் வந்து சொல்ல வேண்டும், அவர் தருவார், நான் திரும்பிப் போக வேண்டும், உடனே அவருக்குப் பசை வேண்டும். நான்காம் நாள், அதாவது இன்று, அவசரத்தில் யாரோ தாள் கட்டுகளை மாற்றி வைத்ததில் தைத்த புத்தகம் அத்தனையிலும் விடைகள் முன்னாலும் கணக்குகள் பின்னாலும் வந்துவிட்டன. "பிள்ளைங்களுக்கு வசதிதானே" என்றார் சம்பந்திகளில் ஒருவர். இன்னொருவர் சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். எல்லாவற்றையும் பிரித்துப் போட்டோம். முதல் நாள் காலையில் எங்கே நின்றோமோ அங்கேயே நிற்கிறோம்.

இப்போது எனக்கு ஒன்று தெரிய வேண்டும். உங்கள் கணக்கில் வரும் அந்த இருபத்து நான்கு பேர் யார்? எந்த ஊர்க்காரர்கள்? அவர்களுக்குத் தலைவலி வராதா, வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று பாதியில் கிளம்ப மாட்டார்களா? அத்தனை பேருக்கும் கழிப்பறை எத்தனை? இதை நான் சின்ன வயதிலேயே கேட்டேன். "ஒரு ஆள் நூத்திருபது நாள்ல முடிக்கிற வேலைய நூத்திருபது பேர் ஒரே நாள்ல முடிப்பாங்கன்னா, ரெண்டாயிரம் பேரை விட்டா டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடுமா டீச்சர்?" என்றேன். பெஞ்ச் மேல் ஏற்றினார்கள். பக்கத்து வகுப்பு ஜன்னலிலிருந்து நீங்கள் சிரித்ததை இன்னும் மறக்கவில்லை. அந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் கண்ட வரையில் மடிப்பது எதிர் விகிதத்தில் இருக்கிறது, ஆள் கூடினால் நேரம் குறைகிறது. தைப்பது எந்த விகிதத்திலும் இல்லை. முதலாளி வந்து "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்பதும் வேலை நிற்பதும் நேர் விகிதம்.

ஆகவே அண்ணன் அவர்கள் அடுத்த பதிப்பில் இந்தக் கணக்கை எடுத்துவிட வேண்டும். முடியாதென்றால் அந்த இருபத்து நான்கு பேரையும் முதல் பஸ்ஸில் இங்கே ஏற்றி அனுப்புங்கள், சாப்பாடு என் பொறுப்பு. இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது. முடியாது என்று நாளைக் காலையில் முதலாளியிடம் நான்தான் சொல்ல வேண்டும். பயமாக இருக்கிறது அண்ணா. இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு எதுவும் தெரியாது.

அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் மாமாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
பெஞ்ச் மேல் நின்ற தங்கை

பி.கு.: இது ஐந்து நாள் கழித்து எழுதுவது. தபாலில் போட நேரமில்லாமல் கடிதம் என் பையிலேயே கிடந்தது. மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு மகள் இதை வாங்கிப் படித்துவிட்டு, "அம்மா, இருபத்து நாலு பேரும் ஒரே நேரத்துல வரணும்னு கணக்குல எங்க போட்டிருக்கு?" என்றாள். 94-ஆம் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எங்கேயும் போடவில்லை. மறுநாளே மூன்று ஷிஃப்ட் ஆக்கினேன், ஷிஃப்டுக்கு எட்டுப் பேர். நாலு நாள் அமளியில் அந்தப் பதினாறு பேரும் வேலை கற்றுக்கொண்டிருந்தார்கள். தையல் மிஷின் ஓய்வில்லாமல் ஓடியது. சம்பந்திகளை வேறு வேறு ஷிஃப்டில் போட்டேன், இப்போது ஒருவரை ஒருவர் எங்கே என்று கேட்கிறார்கள். இன்று மாலை கடைசிக் கட்டும் லாரியில் ஏறியது. சரியாக ஐந்தாம் நாள். முதலாளி உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, "உங்க மாமா கணக்கு சரிதான்டி, ஆனா நான் எட்டுன்னு சொன்னப்ப என்னைச் சேக்கலை, என்னோட ஒன்பது பேர்" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்து, ஒன்பதைப் பதினைந்தால் பெருக்கி நூற்று முப்பத்தைந்து என்று எழுதி, இருபத்து நான்கால் வகுத்தாள். "அஞ்சு நாள் பத்தாதும்மா, அஞ்சும், எட்டுல அஞ்சு பங்கும் வருது. அப்புறம் எப்படி முடிஞ்சுது? நீ எந்த ஷிஃப்ட் போன?" என்று கேட்டாள். மூணுக்கும்தான், நடுவுல தாள் கட்டு மேல கொஞ்சம் கண்ணசந்தேன், என்றேன். இருபத்து நான்கோடு மூன்றைக் கூட்டி இருபத்தேழு என்று எழுதி மறுபடியும் வகுத்தாள். மிச்சமில்லாமல் ஐந்து வந்தது. நோட்டை மூடிவிட்டு என் காலைப் பிடித்துவிட உட்கார்ந்தாள்.

கணக்கை எடுக்க வேண்டாம் அண்ணா. எட்டை மட்டும் ஒன்பதாக்கிவிடுங்கள். விடை பின்னத்தில் வந்தால் வரட்டும்.