ஐஸ்பெட்டி கொட்டாமல் வைத்தது

மலத்தை எடுத்துக்கொண்டு அத்தனை கம்பீரமாகப் போகிற மனிதரைச் சென்னை இன்னொரு தடவை பார்க்கப்போவதில்லை. தொண்ணூறுகளில் ராயப்பேட்டைப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் நான் டைப்பிஸ்ட். அவர் வீடு வீடாகப் போய் சாம்பிள் டப்பாக்களை வாங்கி வருகிறவர். சைக்கிள் கேரியரில் கட்டிய பெட்டியால் அவருக்கு ஐஸ்பெட்டி என்றே பெயர். பிள்ளைகள், "சேமியா ஐஸ் கீதா?" என்று துரத்துவார்கள்.

"கீது நைனா, துன்னா தெரியும்!"

ரிப்போர்ட் போனதும் சாம்பிளைக் கொட்டிவிட வேண்டும். ஐஸ்பெட்டி கொட்டமாட்டார். தேதி எழுதி ஃப்ரீஸரில் அடுக்குவார்.

"யோவ், இதென்ன உன் வீட்டு ஊறுகாயா?" என்று மானேஜர் தலையிலடித்துக்கொள்வார்.

"நாளைக்கு எவனாச்சும் கேட்டா இன்னா சார் பண்ணுவே?"

அட ராமா, இதையெல்லாம் யார் கேட்பார்கள்!

மந்தைவெளியில் ஒரு கணக்கு வாத்தியார், கிட்னி மாற்றிக்கொண்டவர். அது நிலைக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டார். ஏழு மாதமாக வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. ஒவ்வொரு சோதனையிலும் வைரஸ். நாங்களும் 'புதிய தொற்று' என்றே எழுதினோம். டைப் அடித்த பாவி நான்தான்.

அந்த இரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள் வாத்தியாரின் அக்கா. "இவ சமையல்ல சுத்தம் பத்தாது. தை பொறந்ததும் அவனை எங்காத்துக்கே அழைச்சுண்டு போயிடறேன்!"

'இவ' என்றது வாத்தியார் மனைவி கோமதியை. ஐஸ்பெட்டிதான் என்னிடம் வந்து கொதித்தார்: "பாத்திரத்த வெந்நீர்ல கய்வி கய்வி அந்தம்மா கை வெந்துகீது சார்! புருசனையும் பிரிச்சா இன்னா நாயம்?"

புதிதாக ஆராய்ச்சிக்கு வந்திருந்த டாக்டரம்மாவின் மேஜையில் ஏழு மாத டப்பாக்களையும் கொண்டுபோய் இறக்கினார். அந்தம்மா மூக்கைப் பொத்தவில்லை, துள்ளிக் குதித்தார். சில வாரங்கள் மரபணுக்களை ஒப்பிட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாம் ஒரே வைரஸ்தான். உள்ளேயே தங்கி, கொஞ்சம் கொஞ்சமா மாறிக்கிட்டே வந்திருக்கு. புதுசா எதுவும் தொத்தல."

திருத்திய ரிப்போர்ட்டோடு நானும் ஐஸ்பெட்டியும் மந்தைவெளிக்குச் சைக்கிளை மிதித்தோம். வாசலில் அக்காவின் பெட்டி தயார்.

"யம்மா, வெளியேந்து எவனும் வர்ல. மொதல்ல வந்தவனே உள்ள குந்திக்கினு சட்டைய மாத்திக்கினு கீறான். இவங்க சமையல் மேல தப்பே இல்ல!" என்றார் ஐஸ்பெட்டி.

அக்கா ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தாள். பெட்டியை உள்ளே தூக்கிப் போனாள். "கோமதி, இவாளுக்குக் காப்பி குடு. எனக்கும் ஒரு வாய்."

கோமதி அழுதுகொண்டே முதல் டம்ளரை ஐஸ்பெட்டியிடம் நீட்டினார்.

தெருவுக்கு வந்ததும் ஐஸ்பெட்டி சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காப்பி செம சூடு சார்" என்றார். அந்தப் பொய்க்காகவே எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும்.