மயில்கண் வேஷ்டி விஷயமாக

மயூர் விஹார், டெல்லி
நவம்பர் 2008

திருச்சி ஸ்ரீமான் சுந்தரேசன் சம்பந்தி அவர்கள் சமூகத்துக்கு, ராமமூர்த்தி அநேக நமஸ்காரம். இங்கு பகவான் கிருபையால் எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் சௌக்கியமாக இருப்பது பால்கனியில் உள்ள துளசிச் செடி மட்டும்தான். பெண் மேதா என்னோடு பேசுவதில்லை. ஆத்துக்காரி மாலா பேசுகிறாள், பேசாமல் இருந்தால் தேவலை. நான் ஃபோன் செய்யும்போதெல்லாம் தங்கள் வீட்டில் "படுத்திண்டிருக்கார்" என்ற ஒரே பதில். காரணம் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அத்தனை உறவுக்காரர்கள் முன்னால் தங்களை அந்தக் கோலத்தில் நிற்க வைத்தவன் நான். வெட்கத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாப்பிள்ளை சாய்ராமுக்குக் கலிபோர்னியாவிலிருந்து வர லீவு கிடைக்காததால், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் அந்த மாய உலகத்தில் எல்லோரும் பொம்மை உருவத்தில் கூடி நிச்சயதார்த்தம் செய்து லக்னப் பத்திரிகை வாசிக்கலாம் என்று அவர்தான் சொன்னார். மண்டபம் கட்டும் பொறுப்பை, மந்திரி ஆபீஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டிய அனுபவத்தில், நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அங்கே சுவர் என்பது வெறும் பெட்டி, அதன் மேல் எந்தப் படத்தை ஒட்டுகிறோமோ அதுவாகவே ஆகிவிடும் என்று மேதா கற்றுக்கொடுத்தாள். முதலில் மாலா போட்ட கோலத்தைப் படம் எடுத்துத் தரையில் ஒட்டினேன், அது ஒன்று நூறாகிப் புடவைக்கடை சீட்டித்துணி மாதிரி பரவிவிட்டது, அதைச் சரிசெய்து, வாழைமரம் கட்டி, சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு வெள்ளை ஒட்டி முடித்தபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. அங்கேதான் சனி பிடித்தது.

அந்த உலகத்தில் பொம்மைகளுக்குப் பேன்ட்தான் கொடுக்கிறார்கள். பிள்ளைக்கு அப்பா பேன்ட் போட்டுக்கொண்டு தாம்பூலம் மாற்றுவதா என்று எனக்கு மனசு கேட்கவில்லை. தங்களுக்கு ஒரு வேஷ்டி தைத்துவிடுகிறேன் என்றேன். மேதா அப்போதே சொன்னாள், "அப்பா, ப்ளீஸ், அதை நான் பண்றேன், நீ தொடாதே." கேட்டேனா? சரிகைக் கரை போட்ட என்னுடைய வெள்ளை மயில்கண் வேஷ்டியை, பின்னால் கொடி, குழாய் எதுவும் விழக்கூடாது என்று ஒரு வெள்ளைப் போர்வையைக் கட்டி, அதன் முன் தொங்கவிட்டுப் படம் எடுத்தேன். படத்தில் வேண்டாத பின்னணியை அழிக்க அந்த நிறத்தின் மேல் ஒரு தட்டுத் தட்டி நீக்க வேண்டும். நீங்கிய இடத்தில் சாம்பல் கட்டங்கள் தெரிந்தால் வேலை சரி என்று அர்த்தம். வெள்ளையைத் தட்டினேன். எங்கும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ஆஹா, ரொம்பச் சரியாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். போர்வையோடு வேஷ்டியும் போய்விட்டது, மிச்சம் இருப்பது சரிகைக் கரை மட்டும் என்று இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. சோதித்துப் பார்க்காமலும் இல்லை. நான் கட்டிய வெள்ளைச் சுவரின் முன் அதைத் தொங்கவிட்டுப் பார்த்தேன், பளபளவென்று வெள்ளை வெளேர் என்று இருந்தது.

மற்றது தாங்கள் அறிந்ததே. அதை வாங்கி உடனே உடுத்திக்கொண்டீர்கள், பேன்ட் போயிற்று, வேஷ்டி வரவில்லை. சிவப்புக் கம்பளத்தின் நடுவில், மேலே சட்டையும் கீழே இரண்டு கோடு சரிகையுமாக நின்றீர்கள். பொம்மை உடம்பு வழவழவென்று ஒன்றுமில்லாமல் இருந்ததே, அது ஒன்றுதான் அம்பாள் செய்த உபகாரம். மஸ்கட், சிட்னி, நாக்பூர் என்று எல்லா ஊர் உறவும் அவசரமாக மைக்கை அணைத்துக்கொள்ள, மாலா மட்டும் அணைக்காமல், "ஏன்னா, சம்பந்தி மாமா குளிக்கப் போறாரா?" என்று கேட்டுத் தொலைத்தாள். நான் பதறிப்போய், ஜல்தி ஜல்தி என்று தங்களைச் சுற்றி நாலு பலகை எழுப்பினேன். புதிதாக எதை எழுப்பினாலும் அது முதலில் ஒட்டுப்பலகை நிறத்தில்தான் வரும், அதற்குப் படம் ஒட்ட நேரமில்லை. முழு லக்னப் பத்திரிகையும் பார்சல் பெட்டிக்குள் நின்றே கேட்டீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. 

எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் என் முட்டாள்தனத்துக்காக இந்தக் கல்யாணத்தை நிறுத்திவிடாதீர்கள். மேதா சாய்ராமிடம் உயிரையே வைத்திருக்கிறாள். எனக்கு வாய்விட்டுச் சொல்லத் தெரியாது, ஆனால் அவள் முகம் வாடினால் எனக்குத் தாங்காது. இனி அந்த உலகத்தில் கால் வைக்க மாட்டேன்.

சம்பந்தி அம்மாளுக்கு எங்கள் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசி. தலை நிமிர்த்த முடியாத,
ராமமூர்த்தி.

பி.கு: கடிதத்தை மடிக்கும்போது மேதா வந்தாள், ஒரு வாரத்துக்குப் பிறகு சிரித்தாள். மாப்பிள்ளை இப்போதுதான் சொன்னாராம். ஞாயிற்றுக்கிழமை தங்களுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகிக் கட்டுப் போட்டிருந்ததாம், மற்றக் கண்ணிலும் புரை முற்றி ஒன்றும் தெரியாதாம், நல்ல நாளைத் தள்ள வேண்டாம் என்று யாரிடமும் சொல்லவில்லையாம். பொம்மையை நகர்த்தியது தங்கள் தம்பி ஜம்புவாம். தாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காதால் கேட்டதோடு சரியாம். வேஷ்டி எப்படி என்று தாங்கள் கேட்டதற்கு அவர், "பளிச்சுனு இருக்குண்ணா, டெல்லிக்காரா குறை வைக்கலை" என்றாராம். தாங்களும் அகமகிழ்ந்து போனீர்களாம். வேறு கடிதம் எழுத நேரமில்லை, கூரியர்காரர் வாசலில் நிற்கிறார். கட்டு அவிழ்க்கும்வரை இதையும் ஜம்புதான் படித்துக் காட்டுவார் என்பதால், அவருக்கு என் தாழ்மையான வேண்டுகோள்: மேலே உள்ளதை எல்லாம் விட்டுவிட்டு, "இங்கு யாவரும் நலம், வேஷ்டி பிடித்ததில் மிக்க மகிழ்ச்சி" என்று மட்டும் உரக்கப் படிக்கவும்.