மயிலிட்டி ஐஸ் பக்டரியின் விலை

“இந்த மெசின் இன்னும் எத்தினை வருசம் ஓடும், மாமா?”

குகதாசன் மெசினைப் பார்த்தார். பிறகு, கையில் கொப்பியும் பேனையுமாக நின்ற தங்கை மகளைப் பார்த்தார்.

“ஓடுமட்டும் ஓடும்.”

“அப்பிடி எழுதேலாது மாமா. ஒரு நம்பர் வேணும்.”

“நீ என்ன, மெசினுக்குச் சாதகம் எழுதுறியோ?”

ஆரபி சிரிக்கவில்லை. அவளுக்கு முப்பத்தொரு வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கியில் வேலை. சனி, ஞாயிறுகளில் நிறுவன நிதியில் முதுமாணிப் படிப்பு. இரண்டு வருடம் ஓடிவிட்டது. மிஞ்சியிருந்தது ஒரே ஒரு ஆய்வறிக்கை. பங்குச் சந்தையில் இல்லாத ஒரு உள்ளூர் நிறுவனத்தை எடுத்து, அது என்ன பெறும் என்று கணித்து, விரிவுரையாளர்கள் முன்னால் நின்று அந்தக் கணிப்புக்குப் பதில் சொல்லவேண்டும். கூடப் படித்தவர்கள் ஹோட்டலையும் தனியார் ஆஸ்பத்திரியையும் பிடித்துக்கொண்டார்கள். ஆரபிக்குக் கிடைத்தது மாமாவின் ஐஸ் பக்டரி.

இராணுவத்திடமிருந்து காணி விடுபட்ட மறுவருடம், மயிலிட்டித் துறைமுகத்துக்கு எதிரே குகதாசன் கட்டியது அது. வள்ளங்கள் கடலுக்குப் போகுமுன் அங்கேதான் ஐஸ் கட்டி ஏற்றும். தகப்பன் இல்லாத ஆரபியை, தான் கடலுக்குப் போன உழைப்பில் படிப்பித்தவரும் அவர்தான். அதனால் அவரைக் கேள்வி கேட்பதே அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஆனால் அறிக்கையில் ‘ஆபத்துக்கள்’ என்றொரு அத்தியாயம் இருந்தது. கேட்காமல் தீராது.

“மாமா, உங்களுக்குப் பிறகு இதை ஆர் நடத்துவினம்?”

ஐஸ் கட்டி இழுத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் அப்படியே நின்றார்கள்.

“எனக்குப் பிறகு எண்டால்? நான் எங்கை போட்டு வாறதுக்குப் பிறகு?”

ஆரபி கொப்பியை மூடினாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் வந்தபோது வாசலில் மூன்று சம்மாட்டிமார் நின்றார்கள். மூன்று பேருக்கும் சொந்தமாகப் பல வள்ளங்கள் உண்டு. மூன்று பேரின் முகத்திலும் செத்தவீட்டுக் களை.

“பிள்ளை, பக்டரியை விக்கப் போறியளாம். நாங்கள் ஐஸுக்கு எங்கை போறது?”

“ஐயோ, ஆர் சொன்னது? நான் படிப்புக்காக இதின்ரை விலையைத்தான் பாக்கிறன்.”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“விலை பாக்கிறியள். ஓம், நாங்கள் கேள்விப்பட்டதும் அதுதான்.”

அவள் மாமாவிடம் ஓடினாள். “மாமா, நான் கொப்பியோடை நிண்டு கேள்வி கேட்டதாலை சனம் பிழையாய் விளங்கிப்போட்டுது. நீங்கள் ஒருக்கால் வந்து சொல்லுங்கோ.”

“கேக்கிற ஆக்களை உன்னட்டை அனுப்புறன். நீதானே படிச்சனி” என்றார் குகதாசன். குரலில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. அதுதான் அவளைப் பயப்படுத்தியது.

படித்தவள் யோசித்தாள். பெரிய மட்டையில் ஒரு அறிவித்தல் எழுதினாள். ‘இந்த ஐஸ் பக்டரி விற்பனைக்கு இல்லை.’ கேற்றில் கட்டினாள். குகதாசன் வந்து நின்று அதை வாசித்தார்.

“எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிசாய்ப் போட்டிருக்கலாம்.”

ஞாயிற்றுக்கிழமை நீர்வேலியிலிருந்து சிவக்கொழுந்து லொறியோடு வந்தார். ஐந்து சந்தைக்கு வாழைக்குலை ஏற்றும் பெரிய வியாபாரி. வந்தவர் லொறியை விட்டு இறங்கி, மட்டையை நின்று நிதானமாக வாசித்தார்.

“விக்கிறதில்லை எண்டு போர்ட் போடுற அளவுக்கு ஆரோ கேட்டிருக்கினம் போலை. அவையை விட நான் கூடத் தாறன்.”

திங்கட்கிழமை நீர்கொழும்பிலிருந்து லியோன் வந்தார். வெளிநாட்டுக்கு மீன் ஏற்றுமதி செய்பவர். குகதாசன் இரண்டு பேரையும் கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, மெசினையும் கிணற்றையும் காட்டி, கடைசியில் இருவரிடமும் ஒரே வசனத்தைச் சொன்னார்.

“விலை விசயம் என்ரை மருமகளோடை கதையுங்கோ.”

லியோன் வங்கிக்கே போன் எடுத்தார். ஆரபி கதவுக்குப் பின்னால் நின்று கதைத்தாள். இந்த மனிசனை எப்படியாவது துரத்தவேண்டும். எதிர்வரும் பத்து வருடத்துக் காசுப் பாய்ச்சலை எல்லாம் இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவந்து அவள் போட்ட கணக்கு, நாலு கோடி என்று சொல்லியிருந்தது. யாரும் மிரண்டு ஓடக்கூடிய ஒரு தொகையைச் சொல்லிவிட்டால் கரைச்சல் முடிந்தது.

“ஏழு கோடி” என்றாள்.



“சரி, எழுத்திலை அனுப்புறன்” என்றார் லியோன்.

அனுப்பியும் விட்டார், கம்பனிக் கடிதத்தாளில். துறைமுகத்துக்குப் பக்கத்தில் தனக்கு மீன் வைக்கும் குளிர் அறை வேண்டும், கடலில் இருந்து ஐம்பது யார் தூரத்தில் இதைவிட நல்ல இடம் வடக்கிலே கிடையாது என்று விளக்கமும் எழுதியிருந்தார். விசயம் எப்படியோ நீர்வேலிக்குப் போய், அடுத்த நாள் சிவக்கொழுந்திடமிருந்தும் கடிதம் வந்தது. ஏழே கால் கோடி.

அன்றைக்கே கனடாவிலிருந்து மாமாவின் மகன் பிரகாஸ் போன் எடுத்தான்.

“ஆரபி, அப்பாவின்ரை பக்டரியை நீ விக்கிறியாமே?”

“இல்லை மச்சான், சத்தியமாய் இல்லை. நீங்கள் அப்பாவைக் கேளுங்கோ.”

“கேட்டனான். ‘விலை வருகுது, பாப்பம்’ எண்டு சொல்லுறார்.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “ஏழே கால் எண்டால் எட்டுக்குக் கேள்.”

அந்த மனிதர் அறுபது வயதில், பற்றைக் காடாய்க் கிடந்த காணியில், கல்லுக் கல்லாய்ப் பொறுக்கிக் கட்டியது. ஒரு பட்டத்துக்காக, ஒரு கொப்பியைத் தூக்கிக்கொண்டு போய், தானே அதை ஏலத்தில் விட்டுவிட்டாளே! ‘விலை வருகுது, பாப்பம்’ என்கிறாரே. ஆசை வந்துவிட்டதோ? ஏழே காலும் கையில் வந்தால் மாமா நாளை காலை எழும்பி எங்கே போவார்?

அவள் ஆய்வறிக்கை மேற்பார்வையாளர் பார்த்தீபன் சேரிடம் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். வேறு நிறுவனம் எடுக்க அனுமதி கேட்டாள்.

“இனி நாள் இல்லை” என்றார் அவர். “அந்தக் கடிதங்கள் எழுத்திலையோ இருக்கு?”

“ஓம் சேர்.”

“அதையும் கொண்டுவாங்கோ.”

கடிதம் வாங்க அவள் மயிலிட்டிக்குப் போனாள். குகதாசன் மேசை லாச்சியிலிருந்து இரண்டு கடித உறைகளையும் எடுத்து நீட்டினார்.

“இரண்டு பேருக்கும் இல்லை எண்டு சொல்லிப்போட்டன். இதுகளை நீ வைச்சிரு.”

“மாமா, என்னோடை கோவமோ?”

“நீ உன்ரை படிப்பைப் பார்” என்றுவிட்டு எழுந்து மெசின் அறைக்குள் போய்விட்டார்.

நேர்முகப் பரீட்சையில் மூன்று பேர் இருந்தார்கள். பார்த்தீபன் சேர்தான் முதலில் கேட்டார்.

“உங்கடை கணிப்பு நாலு கோடி. கடிதங்கள் ஏழுக்கு மேலை. எது பிழை?”

பாடப்புத்தகம் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. மாமாவின் முகம்தான் வந்தது.

“இரண்டும் சரி, சேர். நாலு கோடி எண்டது மாமா ஐஸ் வித்து எடுக்கிறது. ஏழு கோடி எண்டது அந்த இடத்தை அவை வேறை விதமாய்ப் பாவிச்சால் எடுக்கிறது. ஒரே சாமான், ஆரின்ரை கையிலை இருக்கு எண்டதைப் பொறுத்துப் பெறுமதி மாறுது.” ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். “ஏழே காலுக்கும் மாமா குடுக்கேல்லை. அப்ப அவருக்கு அது அதுக்கும் மேலை பெறும். அந்த மிச்சத்தை எந்தச் சமன்பாட்டிலை போடுறது எண்டு எனக்குத் தெரியேல்லை.”

வெளியிலிருந்து வந்த பரீட்சகர் கடிதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பட்டியலிடாத நிறுவனத்துக்கு உண்மையான சந்தை விலையோடை வந்த முதல் மாணவி நீங்கள்தான்” என்றார்.

அந்த வருட மாணவர்களிலேயே அவளுக்குத்தான் கூடின புள்ளி.

பெறுபேறு வந்த அன்று, ஒரு பெட்டி லட்டோடு ஆரபி நேரே மயிலிட்டிக்குப் போனாள். குகதாசன் துறைமுகப் பக்கம் போயிருந்தார். மெசின் பார்க்கும் கனிசியஸ் மட்டும் வாசலில் இருந்து கிழிந்த வலையொன்றைப் பொத்திக்கொண்டிருந்தார்.

“கனிசியஸ் அண்ணை, மாமா எப்ப வருவார்? அவரிட்டை மன்னிப்புக் கேக்கவேணும். என்ரை வாயாலைதான் பக்டரியை விக்கப்போகினம் எண்ட கதை ஊர் முழுக்கப் பரவினது.”

கனிசியஸ் வலையிலிருந்து கண்ணை எடுத்தார்.

“உன்ரை வாயாலையோ? பிள்ளை, நீர்கொழும்புக்கும் நீர்வேலிக்கும் போன் அடிச்சு, விக்கப்போறன் எண்டு சொன்னதே முதலாளிதான். ‘ஆரும் கேட்டு வராத சாமானுக்கு எங்கடை பிள்ளை பாவம், என்னெண்டு விலை எழுதுறது?’ எண்டு சொல்லிச் சொல்லித்தான் நம்பரை அமத்தினவர்.”