ரீலில் கட்டிய காக்கைக்கூடு

குன்னத்துகால்,
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து கஞ்சி குடித்த பிறகு.

அன்பும் அறிவும் (அறிவில் பாதி தாய்மாமன் வழி வந்தது) நிறைந்த மருமகன் சிஜுவுக்கும், மகள் லிஜாவுக்கும், மாமன் பொன்னையன் இங்கிருந்து ஷார்ஜா வரை கேட்கும்படி சொல்லும் ஸ்தோத்திரம். கர்த்தரின் கிருபையாலும் என் மேற்பார்வையாலும் இங்கே எல்லோரும் சுகம். அங்கே உங்கள் சுகத்துக்கு அவர் ஒருவரே பொறுப்பு. அவ்வளவு தூரம் எனக்குக் கை எட்டாது.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். நான் அனுப்பும் வாய்ஸ் மெசேஜை நீ இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதாக லிஜா வாய்தவறிச் சொல்லிவிட்டாள். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது அல்லவா? போதாததற்கு, போனில் பேசினால் உன் அம்மை நேசம் பின்னால் நின்று, “அண்ணா, அது அப்பிடி இல்ல, இப்பிடியாக்கும்” என்று திருத்திக்கொண்டே இருப்பாள். ஒரு மனுஷன் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் அவனைத் தனியாக விட வேண்டும். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன்தான். எட்டாம் வகுப்புப் பாடம் அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது என்பதால், இனி வர வேண்டாம் என்று வாத்தியாரே சொல்லிவிட்டார். லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை அங்கே திரும்பி வரும் உன் கூட்டுக்காரன் மனு, உன் அம்மை வறுத்த பலாச்சக்கை வற்றலோடு இதையும் கொண்டு வருவான். வற்றலைப் பிறகு தின்னு, முதலில் இதைப் படி.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பனுக்கு வாதம் வந்து வலதுகை விழுந்ததிலிருந்து நீ அங்கே நிம்மதியாக உறங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். இந்த மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடவா என்று கேட்டிருந்தாய். “அம்மை அழுதோண்டு சொல்லுவா, அப்பா ஒண்ணும் சொல்லமாட்டாரு. மாமா, நீங்களாவது உள்ளத உள்ளபடி சொல்லணும்” என்றாய். இவ்வளவு பெரிய குடும்பத்தில் உள்ளதைச் சொல்லுகிறவன் நான்தான் என்று கண்டுபிடித்தாயே, அந்த புத்தியை நினைத்து அன்றைக்கு நான் இரண்டு தோசை அதிகம் தின்றேன்.

உள்ளது இதுதான். உன் அப்பன் சோமன், என் அளியன், அமரவிளையில் மோட்டார் வைண்டிங் கடை நடத்திய காலத்தில் களியக்காவிளையிலிருந்துகூட எரிந்துபோன பம்பு செட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். செம்புக் கம்பியை அவர் சுற்றுகிற அழகைப் பார்ப்பதற்கென்றே நான் போய் உட்கார்ந்து யோசனை சொல்வேன். அந்த மனுஷன் கடையைப் பூட்டிய நாள் முதல் டிவி முன்னால் ஒரே நாற்காலியில் இருந்தார். வலதுகையை ஒரு துண்டால் மூடி வைத்திருப்பார், விருந்தாளி வரும்போது தரித்திரத்தை மறைப்பது போல. கையில் வைத்து அமுக்கச் சொல்லி ஃபிசியோதெரபிஸ்ட் ஒரு ரப்பர் பந்து கொடுத்தாள். “நான் என்ன கைக்குழந்தையா?” என்று அதை நாய்க்கு எறிந்தார். எறிந்ததும் இடதுகையால்.

அப்போதுதான் மனுவின் பெட்டியில் நீ அனுப்பிய தூண்டில் ராடும், நூல் சுற்றிய ரீலும் வந்து இறங்கின. நீ அங்கே கடற்கரையில் வீசுகிற அதே இனம், பெய்ட்காஸ்டிங் என்று பெட்டியில் எழுதியிருந்தது. அப்பாவை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய் வீசச் சொல்லுங்கள், பெருவிரலுக்கு வேலை கிடைக்கும் என்று நீ சொல்லி அனுப்பியிருந்தாய். அளியன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சரி, முதலில் நான் வீசிக் காட்டுகிறேன், பார்த்தால் ஆசை வரும் என்று களத்தில் இறங்கினேன். சொல்லிக் கொடுக்க ஆள் தேவைப்படவில்லை. போனில் ஒரு வீடியோ வைத்தேன், தொடக்கத்தைப் பார்த்தேன், மீதி எனக்கே தெரியும் என்பதால் நிறுத்திவிட்டேன். நிறுத்திய இடத்துக்கு அடுத்த பேச்சு பிரேக்கைப் பற்றியதாம், பிறகு தெரிந்தது. ரீலின் ஓரத்தில் ஒரு திருகு இருக்கிறது. அதை இறுக்கிவைத்து, மீனுக்கு இரையாக நுனியில் கட்டிய ரப்பர் தவளை மெதுவாகத் தரைக்கு இறங்குகிறதா என்று பார்த்து, முதலில் பக்கத்திலேயே வீசிப் பழக வேண்டுமாம். நான் எல்லாத் திருகையும் முழுக்க அவிழ்த்துவிட்டேன். பிரேக் என்பது பஸ்ஸுக்கு. தவளைக்கு என்னத்துக்கு?

முதல் வீச்சு உங்கள் வீட்டு முற்றத்தில். மருமகனே, பொய் சொல்லமாட்டேன், அந்தத் தவளை விமானம் போலக் கிளம்பியது. அடுத்த வீட்டு மதிலைத் தாண்டியது. நான் வீசியது ஒரு தவளை, இழுத்தபோது வந்தது குமாரியின் ஒரு நைட்டி, கொடிக்கயிறோடு. அவள் மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள்.

“பொன்னையண்ணா, மீனு கிட்டாட்டா பெண்ணுங்களுக்க துணியாக்கும் பிடிக்கியது?”

“காத்து, குமாரி. காத்து!”

“ஒரு இலை அசையல்ல, காத்தாம்!”

நைட்டியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், டிவி முன்னால் இருந்த நாற்காலி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. அளியன் வாய் ஒரு பக்கம் கோணியபடி, குழறினாலும் தெளிவாகவே சொன்னார்: “இஞ்ச வாண்டாம் அளியா. ஆத்துக்குப் போ. இஞ்ச நிண்ணா அடி கிட்டும்.”

“நீயும் வாறியா?”

தலையை டிவி பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் மறுநாள் அனிலின் ஆட்டோ வாசலில் நின்றபோது, உன் அம்மை அவருக்குச் சட்டை போட்டுக் கொண்டிருந்தாள். போட்டுக்கொண்டே என்னைப் பார்த்து, “அண்ணா, அவரைத் தண்ணியில கொண்டு இட்டிராத” என்றாள். என்மேல் அவளுக்கு எப்போதும் அவ்வளவு நம்பிக்கை.

அமரவிளையில் நெய்யாறு வளைகிற இடத்தில், வாழைத் தோட்டம் முடிகிற கரையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவரை இருத்தினேன். எதிர்க்கரைப் பாசிக்கு அடியில் வரால் மீன் கிடக்கும். நான் காலை அகற்றி நின்று, தோளுக்கு மேல் ராடைத் தூக்கி ஒரே வீச்சு. தவளை போனது, போனது, தண்ணீரில் விழுந்தது. ஆனால் ரீலுக்குள் இருக்கும் நூல் உருளை நிற்கவில்லை. அதைப் பெருவிரலால் தொட்டு நிறுத்த வேண்டும். தொடவில்லையென்றால், தவளை போய்ச் சேர்ந்துவிட்டது என்பது உருளைக்குத் தெரியாது, அது தன் பாட்டுக்குச் சுற்றி நூலை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். என் கண்முன்னால் நூல் பொங்கியது, பால் பொங்குவது போல. ஒரு நொடியில் ரீலின்மேல் ஒரு காக்கைக்கூடு. முட்டை மட்டும்தான் இல்லை.

இதில் குனிந்து நின்று காலத்தைக் கழிக்க எனக்குப் பொறுமை கிடையாது என்பது உனக்குத் தெரியும். மடியிலிருந்த மடக்குக் கத்தியை எடுத்து விரித்தேன்.

“வெட்டாதே!”

ஆற்றின் அக்கரையில் நின்ற கொக்கு எழும்பிப் போயிற்று. யார் கத்தியது என்று நானே சுற்றிப் பார்த்தேன்.

“வெட்டாதே அளியா! இஞ்ச கொண்டு வா.”

“வெட்டி முடிச்சுப் போட்டா தீர்ந்துது. இதுக்கென்ன?”

“வெட்டினா ஜாயின்ட் வரும். ஜாயின்ட் இருக்கிய இடத்துலதான் சூடாவும்.”

“இது மோட்டார் இல்ல அளியா, தூண்டிலாக்கும்.”

“சுத்து எல்லாம் ஒண்ணுதான். கொண்டு வா.”

ரீலை அவர் மடியில் வைத்தேன். இடதுகையால் ஒரு கண்ணியைப் பிடித்து இழுத்தார், இறுகியது. இன்னொன்றைப் பிடித்தார், இன்னும் இறுகியது. ஒரு கண்ணியை அமுக்கி வைத்துக்கொண்டு மற்றொன்றைத் தூக்க வேண்டும், அதற்கு இரண்டாவது கை வேண்டும். நான் விரலை நீட்டினேன். “கைய எடு” என்றார். நான் எடுத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்து நின்றேன். எனக்கு ஆறு பார்க்கிற பழக்கம் உண்டு. ஓரக்கண்ணில் தெரிந்தது: துண்டு கீழே நழுவியது. வலதுகை வெளியே வந்தது, யாரோ தூக்கிக்கொண்டு வந்து வைத்ததுபோல ரீலின்மேல் விழுந்தது. விரல்கள் ஒன்றும் அசையவில்லை. பெருவிரல் மட்டும் கொஞ்சம் நகர்ந்து, அந்தக் கண்ணியின்மேல் போய் உட்கார்ந்தது.

வெயில் தென்னைக்குப் பின்னால் போகும்வரை அவர் அந்தக் கூட்டைப் பிரித்தார். ஒரு இடத்திலும் வெட்டு விழவில்லை. வீட்டுக்கு வந்து நேசத்திடம் சொன்னபோது அவள் என்னைத் திருத்தவில்லை. “நெசமாட்டா, அண்ணா?” என்று மட்டும் கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போய் ரொம்ப நேரம் வெங்காயம் நறுக்கினாள். அன்றைக்குக் குழம்பில் வெங்காயமே இல்லை.

அதன் பிறகு தினமும் போகிறோம். என் வீச்சைப் பார்க்க வாழைத் தோட்டத்து ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு வருகிறார்கள். ஆனால் எப்பேர்ப்பட்ட கைக்காரனாயிருந்தாலும் காற்றை ஒன்றும் செய்ய முடியாது பார். அளியன் வந்து நாற்காலியில் இருப்பார், எங்கிருந்தோ ஒரு காற்று வரும், நூல் பொங்கும். நேற்றும் பொங்கியது. நாளையும் பொங்கும் என்றுதான் நினைக்கிறேன். அவர் எரிச்சலோடு, “உனக்கு இந்த ஜென்மத்துல வராது, இஞ்ச தா” என்பார். எனக்குக் கோபம் வராமலில்லை. ஆனாலும் கொடுத்துவிடுவேன்.

அவர் பிரிக்கிற நேரத்தில் எனக்கு வேறு வேலை இல்லாததால் சில காரியங்களை யோசித்தேன், நீயும் யோசி. வீசுகிறபோது பெருவிரலை முழுக்க எடுத்துவிட்டால் கூடு கட்டும். பயந்து அழுத்திப் பிடித்தால் தவளை காலடியிலேயே விழும். நூல் போகிறது என்பது விரலுக்குத் தெரிய வேண்டும், ஆனால் விரல் இருக்கிறது என்பது நூலுக்குத் தெரியக் கூடாது. நான் வாய் திறந்தால் முதல் இனம் என்று உன் அம்மை சொல்வாள். அளியன் இத்தனை மாதம் இரண்டாவது இனமாக இருந்தார், தன்னைத்தானே அழுத்திப் பிடித்துக்கொண்டு. நீ அங்கே தூரத்தில் இருந்துகொண்டு அவரைப் பிடித்திருக்கிறாய். விட்டுவிடு என்று சொல்லவில்லை. கொஞ்சம் லேசாகப் பிடி.

போன வியாழக்கிழமை பெரிய வரால் ஒன்று கடித்தது. எடையைச் சொன்னால் நீ நம்பமாட்டாய் என்பதால் குறைத்துச் சொல்கிறேன்: ஏழு கிலோ. ராடு வில்லாக வளைந்தது. நான் ராடைப் பிடிக்க, அளியன் வலது பெருவிரலால் உருளையை அமுக்க, இரண்டு பேரும் ஆற்றோடு இழுபறி. “விடாதே அளியா!” என்று அவர் கத்த, “நீ விடாதே!” என்று நான் கத்த, நாற்காலி கவிழ்ந்து இரண்டு பேரும் சேற்றில். ஆனால் அவர் விரலை எடுக்கவில்லை. அன்று இரவு உங்கள் வீட்டில் வைத்த மீன்குழம்பின் மணம் காஞ்சிரங்குளம் வரை போனதாகக் கேள்வி. குமாரிக்கும் ஒரு கிண்ணம் கொடுத்து நைட்டி வழக்கை முடித்தேன்.

ஆகவே மருமகனே, ராஜினாமா எண்ணத்தை ஆற்றில் விடு. அப்பன் முழுக்கத் தேறிவிட்டார். வலதுகையால் சோறு உண்கிறார், தானே சட்டை போடுகிறார், போன வாரம் தென்னையில் ஏறப் போனவரை நான்தான் காலைப் பிடித்து நிறுத்தினேன். நீ நிம்மதியாக இருந்து உழை.

உன் கையின் பிரயாசத்தைக் கர்த்தர் வாய்க்கப்பண்ணுவாராக. லிஜாவுக்கு இரவு ஷிப்டில் உறக்கம் வராமலும், பகலில் உறக்கம் கெடாமலும் காப்பாராக. உங்கள் வீட்டு ஏ.சி. ஒருநாளும் நிற்காதிருப்பதாக. மனுவிடம் நல்ல பேரீச்சம்பழம் கொடுத்தனுப்ப உனக்கு அவர் நினைவூட்டுவாராக.

இப்படிக்கு, உன்மேல் உயிரையே வைத்திருக்கும்
மாமன் பொன்னையன்.

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை இல்லை. அளியனிடம் கொடுக்கிறேன், அவர் வீட்டில் ஒட்டி மனுவிடம் சேர்ப்பார். அவர் பிறர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற ஆள் அல்ல.

இனி உள்ளது அப்பன் எழுதுவது.

மகனே சிஜு, படித்தேன். எழுத்து கோணலாக இருக்கும். வலதுகை. நேற்றுத் தொடங்கினேன். இன்று முடிக்கிறேன்.

வரால் இல்லை. தண்ணீருக்குள் கிடந்த தென்னோலை. குழம்பு மீன் நெய்யாற்றின்கரைச் சந்தையில் வாங்கியது. தென்னையில் ஏறப் போகவில்லை. சட்டைப் பொத்தான் அம்மைதான் போடுகிறாள். கரண்டியால் உண்கிறேன். பாதி கீழே போகும். இதுதான் உள்ளது. வேலையை விடாதே. லீவு கிடைக்கும்போது வந்து பார்.

மாமன் எழுதாத ஒன்று உண்டு. மாமன் எப்போதும் முன்னால் போவார். ஒருநாள் என் ஆட்டோ நேரத்துக்கு முன்பே கரைக்கு வந்தது. வாழைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மாமன் தனியாக வீசிக்கொண்டிருந்தார். தவளை எதிர்க்கரைப் பாசி ஓரத்தில் பழுத்த இலை விழுவதுபோல் விழுந்தது. மறுபடியும் வீசினார். அதே இடம். நூல் ஒரு இழை பொங்கவில்லை. நான் தொண்டையைச் செருமினேன். திரும்பிப் பார்த்தார். “வா அளியா, இண்ணைக்கு நல்ல காத்து” என்றார். அடுத்த வீச்சில் பெருவிரலை எடுத்துவிட்டார்.

அன்றைய சிக்கு, முந்தின நாள் சிக்கைவிடக் கொஞ்சம் கடினமாக இருந்தது.

இது எனக்குத் தெரியும் என்று மாமனிடம் சொல்லிவிடாதே. சொன்னால் நேராக வீசத் தொடங்கிவிடுவார்.